காப்பகத்தில் சாதி கேட்பதில்லை

"இங்க நாங்க யாரையும் சாதி கேட்கிறதில்லை." வட சென்னையில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் வீடற்ற பெண்களுக்கான காப்பகத்தில் பொறுப்பாளர் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. இரண்டு வருடமாக சனிக்கிழமைகளில் அங்கே தன்னார்வலராகப் போய்வருகிறேன். நல்ல மனுஷி, மனதார நம்பித்தான் சொல்கிறார்.

பதிவேடும் அப்படித்தான் இருக்கிறது. பெயர், வயது, சொந்த ஊர், வீடில்லாமல் போன காரணம். காரணக் கட்டத்தில் குடும்பப் பிரச்சினை, கணவர் குடி, மனநலம் என்று எழுதுவார்கள். கூவம் ஓரக் குடிசையை இடித்து செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டு, வேலை இருபது கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் இருந்ததால் நடைபாதைக்கே திரும்பிவந்த பாட்டியும் 'குடும்பப் பிரச்சினை'தான். ஆனால் அங்கே கழிவறை கழுவுவது யார், சமையலறைக்குள் போவது யார் என்று ஒரு வாரம் கவனித்தால் போதும். பிறந்தநாளுக்கு பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து செல்ஃபி எடுத்துப்போகிறவர்களுக்கு இது தெரியாது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இப்போது எழுத வந்தது ஒரு சாதிச் சான்றிதழைப் பற்றி.

காப்பகத்தில் ஓர் அக்கா. பாரிமுனை நடைபாதையில் பிறந்து வளர்ந்தவர். பேப்பர், பிளாஸ்டிக் பொறுக்கி காயலான் கடையில் போடுகிறார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பதினொன்றாம் வகுப்பிலிருந்தே கிடைக்கவேண்டிய கல்வி உதவித்தொகை இரண்டு வருடமாகக் கிடைக்கவில்லை. பத்தாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழில் சாதிக்கான இடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். தாலுகா அலுவலகத்தில் பெற்றோரின் சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, முகவரிச் சான்று கேட்டார்கள். எதுவும் இல்லை. அப்பன் விட்டுப்போய்ப் பத்து வருடம். காப்பகத்தின் கடிதத்தைக் காட்டினோம். "விசாரணைக்கு எந்தத் தெருவுக்குப் போறது?" என்றார் அந்த ஊழியர்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "எங்கம்மாவ கொழாயில தண்ணி புடிக்க உடாதவனுக்கெல்லாம் நாங்க யாருன்னு தெரிஞ்சுதும்மா. இந்தாளுக்கு மட்டும் எப்டி தெரியாம பூடுச்சு?"

சமூகவியலில் முதுகலை முடித்த எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

ஓட்டுக்கு மட்டும் இதே அரசிடம் வேறு வழி இருக்கிறது. வீடற்ற ஒருவர் படிவம் 6 கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அவர் சொன்ன இடத்துக்கே வந்து, அங்கேதான் உறங்குகிறாரா என்று பார்க்கவேண்டும். பார்த்துவிட்டால் முகவரிச் சான்று தேவையில்லை. தேர்தல் ஆணையத்தின் நடைமுறை இது. ஓட்டுக்காக ராத்திரியில் நடைபாதைக்கு வர முடிகிறவர்களுக்கு இடஒதுக்கீட்டுக்காகப் பகலில் வர முடியாதா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு. 2013இல் வந்த மத்திய அரசின் காப்பகத் திட்டம், அங்கே தங்குகிறவர்களுக்கு அடையாள ஆவணங்கள், ரேஷன், ஓய்வூதியம் கிடைக்க வழிசெய்யவும் சொன்னது. நடைமுறையில் படுக்கைகளைத்தான் எண்ணுகிறார்கள். எங்கள் காப்பகத்தின் மாத அறிக்கையிலும் எத்தனை பேர் படுத்தார்கள், எத்தனை வேளை சாப்பாடு என்பதோடு சரி. வாங்கித் தந்த சான்றிதழ்களுக்கு ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னேன். "சாப்பாடும் பாதுகாப்பும் குடுக்கிறோம். சாதிய ஏன் கிளறணும்?" என்றார் பொறுப்பாளர். கழிவறை முறையைப் பற்றிப் பேசினால் வரும் பதிலும் இதேதான்.

அக்காவின் தாய்மாமன் மகன் பொன்னேரிப் பக்கம் ஒரு காலனியில் இருக்கிறார். அவரிடம் சான்றிதழ் இருக்கிறது, உறவுமுறையை எழுதித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். வரும் செவ்வாய்க்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி தாலுகா அலுவலகம் போகிறோம். அன்று அவருக்கு ஒருநாள் கூலி போகும். மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.