பலகை திரும்ப ஓர் இடம்

வெள்ளி, மாலை 6.10

எவர்சில்வர் டம்ளரில் கருப்பொருள் எழுதிய ஐந்து சீட்டு. மூன்று அக்கா மகன் எழுதியது, இரண்டு நான் எழுதியது. அம்மா கையை விட்டு எடுத்துக் கொடுத்தாள்: "ஒற்றை வழி". "மாமா, இது நீ எழுதினதுதானே? சீட்டை மடிச்சதுலயே ஏதோ செஞ்சிருக்க" என்று அவன் முறைத்தான். செய்யவில்லை. அவன் எழுதிய மூன்றில் இரண்டு பேய் பற்றியவை; நல்ல வேளை.

இனி ஞாயிறு மாலை 6 மணி வரை, 48 மணி நேரம். ஒரு சின்னப் புதிர் விளையாட்டைச் செய்வதுதான் ஒரே பொறுப்பு. படம், ஒலி, நிரல் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். 6 மணி அடித்தபின் ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாது. இந்த விதியை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியது அவன்தான்.

கேம் ஜாம் என்கிற இந்தக் கிறுக்குக்கு வயது இருபதுக்கு மேல் ஆகிறது. 2002இல் ஜெஃப் ஹௌலண்ட் தொடங்கிய லூடம் டேர் இணையத்தில் நடந்தது. 2009 ஜனவரியில் குளோபல் கேம் ஜாம் வந்த பிறகு, கல்லூரிக் கூடங்களில் ஆட்கள் பாயும் தலையணையுமாக வந்து உட்கார்ந்து செய்வது உலகம் முழுக்க வழக்கமாயிற்று. பெரிய ஜாம்களில் நாங்களும் இரண்டு முறை கலந்துகொண்டோம். ஆயிரக்கணக்கான விளையாட்டுகளுக்கு நடுவில் எங்களுடையதை மொத்தம் ஒன்பது பேர் ஆடினார்கள். அதில் இரண்டு பேர் நாங்களே. அதனால்தான் இந்த முறை வீட்டு ஜாம். ஆடுகிறவர்கள் குறைந்தாலும் அவர்கள் முகத்தையாவது பார்க்கலாம்.

சனி, காலை 5.40

தூக்கம் வரவில்லை. மாடிக்குப் போனேன். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி கறுப்பாக நின்றது. வெளியூர்க்காரர்கள் இந்தக் குன்றுகளைப் பார்த்து, யாரோ பாறைகளை லாரியில் கொண்டுவந்து கொட்டியது போல இருக்கிறது என்பார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற எனக்கு, மற்ற ஊர் மலைகள்தான் மொழுமொழுவென்று செய்ததுபோல் தெரியும்.

ஒற்றை வழி என்றால் செஞ்சியில் வேறு எதை நினைப்பது? ராஜகிரி சுமார் 800 அடி. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை பிளந்து கிடக்கும். பிளவின் அகலம் 24 அடி, ஆழம் 60 அடி என்று பழைய குறிப்புகள் கணக்குச் சொல்கின்றன. இயற்கையாக இருந்ததை இன்னும் வெட்டி ஆழப்படுத்தியிருக்கிறார்கள். அதன்மேல் ஒரு பாலம். பாலத்தை இழுத்துக்கொண்டால் அந்தப் பக்கம் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் போதும், ஒரு சேனையை நிறுத்தலாம். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது நான் பயந்தது அந்தப் பாலத்தில்தான். வாத்தியார் வரலாறு சொல்லிக்கொண்டிருக்க, நான் இடுக்கு வழியாகக் கீழே பார்த்தேன். குரங்கு ஒன்று என் புளிசாதப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அதே பாலத்தில் ஓடியது.

சனி, காலை 9.00

பையன் எழுந்து வந்து பட்டியல் போட்டான். பீரங்கி வேண்டும். தேசிங்கு ராஜன் குதிரை வேண்டும். மராட்டிய ராஜாராமை உள்ளே வைத்து மொகலாயத் தளபதி ஜுல்ஃபிகர் கான் 1690இலிருந்து 1698 வரை போட்ட முற்றுகை வேண்டும். மூன்று மலை, மூன்று உலகம். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்த ஒரே கோட்டை நம்முடையது என்பதால் முகப்பில் அதையும் போட வேண்டுமாம்.

"இதெல்லாம் செய்ய நமக்கே ஏழு வருஷம் ஆவும்டா."

அழித்தோம். குதிரையை அழிக்கும்போது அவனுக்கு மனசே இல்லை. எனக்கும்தான். கடைசியில் தாளில் மிஞ்சியது மூன்று: ஒரு ஆள், ஒரு பிளவு, ஒரு பலகை. பலகையைப் போட்டு ஆள் தாண்டுகிறான். சரி, இதில் புதிர் எங்கே? போட்டான், தாண்டினான், முடிந்தது. இரண்டு மணி நேரம் இதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சனி, பகல் 12.20

கிடைத்துவிட்டது.

பக்கத்து வீட்டில் நாளைக் காலை மஞ்சள் நீராட்டு. பந்தல் போட ஆட்கள் வந்திருந்தார்கள். எங்கள் சந்து ஒரு ஆட்டோ நுழைந்தால் இன்னொரு ஆள் திண்ணையில் ஏறி நிற்க வேண்டிய அகலம். சந்து முனையில் நீளமான சவுக்குக் கழியோடு ஒருவர் வந்து நின்றார். நேராக வந்துவிட்டார்; இடப்பக்கம் திரும்ப வேண்டும். கழி திரும்பவில்லை. முன்முனை எதிர்வீட்டுச் சுவரில் இடிக்கிறது. பின்னால் போனார், கொஞ்சம் சாய்த்தார், மறுபடி முன்னால் வந்தார். பின்னால் வந்தவர் "ரிவர்ஸு, ரிவர்ஸு" என்று கத்தினார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டில், பீரோ, ஏணி எதையாவது வீட்டுக்குள் கொண்டுபோன எவருக்கும் தெரிந்த அவஸ்தைதானே இது?

பலகையைத் தூக்கிக்கொண்டு திரும்ப இடம் வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

கட்டம் போட்ட தரை. ஆள் ஒரு கட்டத்தில் நிற்கிறான். பலகை அவனுக்கு முன்னால் இரண்டு கட்டம் நீட்டிக்கொண்டிருக்கிறது. திரும்பினால் பலகை சுழலும். சுழலும் வழியில் பாறை இருந்தால் திரும்ப முடியாது. பிளவு வந்தால் பலகையைக் கிடத்தி அதன்மேல் நடக்கலாம். அக்கரைக்குப் போய்த் திரும்பி நின்று பலகையை எடுத்தால் அது வந்த திசையைப் பார்த்து நிற்கும். மேலே போக வேண்டுமானால் அதைத் திருப்பியாக வேண்டும். ஆக, ஒவ்வொரு பிளவைத் தாண்டியதும் ஒரு திருப்பம் கட்டாயம். நாங்கள் வைக்காமலே அந்தக் கட்டாயம் தானாக வந்து உட்கார்ந்தது. ஒரு நல்ல விதிக்கு அடையாளம் இதுதான் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு: ஒன்றைச் சொன்னால் இரண்டாவதை அதுவே சொல்லும்.

கையில் நீட்டிக்கொண்டிருக்கும் பொருளோடு திரும்புகிற புதிர் புதிதல்ல. ஸ்டீபன் லாவெல் 2016இல் முள்கரண்டி ஏந்திய ஆளை வைத்து ஒரு விளையாட்டு முழுவதையும் கட்டியிருக்கிறார். அதில் பாதியோடு நான் தோற்றுப்போய்ப் படுத்தவன். இருக்கட்டும். சவுக்குக் கழி என் சந்தில் வந்தது.

சனி, இரவு 11.30

நான் நிரல், அவன் படம். பாறைகளை உருண்டையாக வரைந்திருக்கிறான். ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடுமோ என்கிற மாதிரி. செஞ்சிக்காரன் கை.

ஒரு சண்டை. பின்வாங்கும் பொத்தான் வேண்டாம் என்கிறான். "தப்புப் பண்ணா மொதல்லேர்ந்து ஆடட்டும்." 1982இல் ஜப்பானில் வெளிவந்த சோகோபானைக் காட்டினேன். கிடங்குக்காரர் பெட்டியைத் தள்ளுவார், இழுக்க முடியாது. மூலைக்குள் ஒரு பெட்டி போய்விட்டால் கதை முடிந்தது. அந்த வகைப் புதிர் கணினிக்கே எவ்வளவு கடினம் என்று 1990களின் கடைசியில் கணிதமாகவே நிறுவிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஒன்றில், தவறான ஒரு அடிக்காக மனிதனை முதல் படிக்கு அனுப்புவது முரட்டுத்தனம். யோசிக்கத்தான் அவன் வருகிறான், தண்டனைக்கு அல்ல. பொத்தான் சேர்ந்தது. அவன் பதினைந்து நிமிடம் பேசவில்லை.

பேச்சு திரும்பியது பாபா இஸ் யூ என்ற விளையாட்டைப் பற்றிச் சொன்னபோது. பின்லாந்தின் ஆர்வி டெய்க்காரி 2017 நோர்டிக் கேம் ஜாமில் செய்தது. அந்த ஆண்டுக் கருப்பொருள் "அங்கே இல்லை". விளையாட்டின் விதிகளையே சொற்களாக்கித் தரையில் போட்டு, தள்ளி மாற்றச் சொன்னார். ஜாமில் வென்று, பிறகு இரண்டு ஆண்டு வளர்ந்து 2019இல் வெளிவந்தது. "ரெண்டு நாள்ல செஞ்சதா?" என்றான். கரு இரண்டு நாளில் வந்தது என்றேன். வெண்பா என்ற விளையாட்டையும் சொன்னேன். டொராண்டோவில் விசை கேம்ஸ் செய்து 2023இல் வெளியிட்டது. மறு ஆண்டு பாஃப்டா விருது கொடுத்தார்கள். கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் எழுத்து அழிந்துபோயிருக்கிறது. இட்லியைத் தட்டில் எந்த வரிசையில் அடுக்குவது என்பதே அங்கே புதிர். எங்கள் அம்மா அதை ஆடிவிட்டு, "இதுல என்ன கஷ்டம்?" என்றாள்.

ஞாயிறு, விடியல் 4.15

லேப்டாப்பில் "செஞ்சி" அழகாகத் தெரிந்தது. இணைய உலாவிக்கு ஏற்றிக் கைப்பேசியில் திறந்தேன். முகப்பு முழுக்கப் பெட்டி, பெட்டி, பெட்டி.

தவறு என்னுடையது. தமிழ் எழுத்துருவை விளையாட்டோடு சேர்த்துக் கட்டவில்லை. லேப்டாப்பில் கணினியிடமிருந்து கடன் வாங்கிக் காட்டியிருக்கிறது. உலாவியில் கடன் கொடுக்க ஆளில்லை. நோட்டோ சான்ஸ் தமிழைச் சேர்த்ததும் சரியானது. முன்பெல்லாம் இதுகூடப் போதாது. நான் நிரல் எழுதும் கோடாட் மென்பொருளில், 2023இல் கோடாட் 4 வருவதற்கு முந்தைய பதிப்புகளில் "செ" என்று எழுதினால் ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஊர்ப்பெயரையே பிழையில்லாமல் எழுத முடியாத காலம். அப்போது தலைப்பைப் படமாக வரைந்து ஒட்டுவேன்.

ஆறு லெவல் தயார். ஐந்தாவதுதான் என் செல்லம். வாயிலைச் சுற்றி, படிக்கட்டு ஓரமாகப் போய், ஒரே ஒரு முற்றத்தில் பலகையைத் திருப்பிக்கொண்டு வர வேண்டும். 31 அடி நடை. ராஜகிரி ஏறுகிற களைப்பு வர வேண்டும் என்று வைத்தது.

ஞாயிறு, மாலை 3.00

பந்தல் பிரிக்க வந்தவர்களில் நேற்றுச் சந்து முனையில் தவித்த அண்ணனும் இருந்தார். திண்ணையில் டீ குடிக்கும்போது போனை நீட்டினேன். "உங்களப் பாத்துத்தான் செஞ்சோம்ணே. ஆடிப் பாருங்க." சிரித்தார். முதல் இரண்டு லெவலில் விரல் தடுமாறியது. மூன்றில் பழகிவிட்டார். ஐந்தாவது வந்ததும் நான் பையனைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

ஒன்பது அடியில் முடித்தார்.

வாயிலுக்கே போகவில்லை. பிளவின் விளிம்பில் நின்று பலகையைப் பள்ளத்துக்கு மேலாக ஒரு சுழற்றுச் சுழற்றினார். திரும்பிவிட்டது.

"அங்க எப்பிடிண்ணே திருப்புனீங்க?"

"கால்வா மேலதான தம்பி திருப்பணும்? அங்கதான் இடிக்க ஒண்ணும் இருக்காது."

பிளவு என்றால் ஆள் நடக்க முடியாத இடம் என்று மட்டும்தான் நிரலில் எழுதியிருந்தேன். அதன்மேல் பலகை சுழலலாமா என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. விடை தெரிந்தவன் நான். என் கண்ணுக்கு என் முற்றம் மட்டும்தான் தெரிந்தது. நேற்று இதே அண்ணன் எங்கள் சந்தில் தவித்ததற்குக் காரணமும் இப்போது புரிந்தது: போன வருடம்தான் எங்கள் சாக்கடைக்கு மேல் தளம் போட்டு, அதன்மேல் எல்லாரும் வண்டி நிறுத்துகிறார்கள்.

கோட்டையைக் கட்டியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. மொகலாயப் படை ஏழு ஆண்டுக்கு மேல் உட்கார்ந்து பார்த்த இடம். அதுவும் கோட்டை விழுமுன் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். ஜுல்ஃபிகர் கானே கண்டும் காணாமல் விட்டார் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அதே இடத்தை 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது. சுவர் அதே சுவர், மலை அதே மலை.

அடைத்துவிடலாம் என்றான் பையன். ஒரு வரிதான்: பிளவுக்கு மேல் சுழலக் கூடாது. கை விசைப்பலகைக்குப் போனது. பிறகு வேண்டாம் என்று தோன்றியது. என் 31 அடியைவிட அவருடைய ஒன்பது அடி நல்ல விடை. பயமுறுத்தும் பள்ளம்தான் தாராளமான இடம் என்பதைக் கண்டுபிடிக்கிற அந்தக் கணத்துக்காக ஒரு விளையாட்டே ஆடலாம். அதை மூன்றாவது லெவலாக்கினேன்; அங்கே வேறு வழி வைக்கவில்லை. பழைய மூன்றையும் நான்கையும் பின்னால் தள்ளி, மூன்று மணி நேரத்தில் ஏழாவதாக ஒன்று புதிதாகச் செய்ய வேண்டும். என் முற்றம் போயிற்று. வருத்தம்தான். அந்தக் கல்தளத்தைப் பையன் அவ்வளவு நன்றாக வரைந்திருந்தான்.

ஞாயிறு, மாலை 5.52

ஏழாவது முடிந்தது. மூன்று பிளவு, ஒரே பலகை, உச்சியில் கொடி. இருவரும் ஆடி முடித்துவிட்டோம். வலது மூலை மட்டும் மொட்டையாகத் தெரிந்தது. ஒரு பாறையை எடுத்து அங்கே வைத்தேன். ராஜகிரியின் சாயல் வந்துவிட்டது.

"ஆடிப் பாத்தியா மாமா?"

"அழகுக்குத்தானடா. ஓரத்துலதான் இருக்குது."

5.58க்கு ஏற்றினோம். அம்மா 6 மணிக்கு லேப்டாப்பை மூடினாள். விதியை யாரைவிடவும் கறாராகக் கடைப்பிடிப்பவள் அவள்தான்.

திங்கள், காலை 8.30

இதுவரை பதினான்கு பேர். பையனின் கல்லூரி நண்பர்கள், என் அலுவலகத்தில் மூன்று பேர், பக்கத்து வீட்டில் பூப்பெய்திய அந்தப் பெண்ணும்கூட. வேறு வேலை இல்லாமல் ஆறு லெவலையும் முடித்திருக்கிறாள். எல்லாரும் ஏழாவதில் நிற்கிறார்கள். பெருமையாக இருந்தது. கடைசி லெவல் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

விடுபட்ட நாற்காலிகளை எடுக்க அண்ணன் வந்தார். தலையில் துண்டு, கையில் போன்.

"தம்பி, கடைசில திருப்ப எடமே இல்லையே."

"இருக்குண்ணே. நல்லாப் பாருங்க. பள்ளத்து மேல பாருங்க."

"ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பாத்துட்டன். மூலைல அந்தக் கல்லு இடிக்குது."

உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தேன். பையன் ஏற்கெனவே அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்க்காமல் குளிர்சாதனப் பெட்டியின் கதவைக் காட்டினான்.