பசை காயும் நேரம்

ஃபெவிகால் தடவிவிட்டால் மரம் நமக்காகக் காத்திருக்காது. பத்து நிமிஷத்துக்குள் இரண்டு துண்டுகளையும் சேர்த்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, கிளாம்ப் போட்டு இறுக்கியாக வேண்டும். மதுரைச் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அந்தப் பத்து நிமிஷமும் பாதியாகிவிடும். இறுக்கிய பிறகு நிலைமை நேர் எதிர். அவசரமே கூடாது, ஒரு நாள் தொடாமல் விட்டால்தான் பசை முழுசாக இறுகும். பிறந்த குழந்தைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால், ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை. நடுவில் ஏப்பம், ஈரத்துணி, காரணம் பிடிபடாத அழுகை. இந்த இரண்டு கணக்கும் ஒரே வீட்டில் ஒத்துப்போகாது. எங்கள் வீட்டில் எது விட்டுக்கொடுத்தது என்று சொல்லத் தேவையில்லை.

நான் ஆசாரி இல்லை. ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டு, ஒரு பெஞ்சு, ஒரு டேபிள் சா, ஒரு ரூட்டர், சுவரில் மாட்டிய உளிகள் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பட்டறை அது. செய்ததெல்லாம் ஸ்டூல், புத்தக அலமாரி, அஞ்சறைப்பெட்டி. ஒன்றையும் விற்றதில்லை.

மரம் வாங்கக் காரைக்குடிக்குப் போவேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடித்த செட்டிநாட்டு வீடுகளின் நிலை, உத்திரம், தூண், சன்னல் சட்டம் எல்லாம் அங்கே வந்து சேரும். வெளிநாட்டு டூரிஸ்டுகள் செதுக்கு வேலைப்பாடு உள்ளதைத் தேடுவார்கள். நான் தேடுவது யாரும் சீண்டாத முறிந்த உத்திரத் துண்டுகளை. பர்மாத் தேக்கு. கப்பலில் வந்து, ஆயிரம் சன்னல் வைத்த வீடுகளுக்குள் போய், மூன்று தலைமுறை நிழலில் காய்ந்த மரம். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்தபோது செட்டியார்கள் அங்கே போட்ட முதலை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். மரம் முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்திருந்தது.

அந்த உத்திரத்தின் மேல்தோல் கறுத்து, சுண்ணாம்பு அப்பி, பார்க்கச் சகிக்காது. உள்ளே ஒளிந்திருக்கும் பழைய ஆணிகளைக் காந்தம் வைத்துத் தேடிப் பிடுங்க வேண்டும். ஒன்றை விட்டாலும் பிளேடு போச்சு. தேக்கில் மணல்சத்து உண்டு, இழைப்புளியின் அலகை அது சீக்கிரமே மழுக்கிவிடும். தீட்டிக்கொண்டு வந்து மறுபடி தள்ளினால், நாலாவது ஐந்தாவது இழைப்பில் உள்ளேயிருந்து பொன்நிறம் தெரியும். கூடவே அந்த வாசனை, எண்ணெயும் பழந்தோலும் கலந்தது. நூறு வருஷத்து மரம் அன்றுதான் அறுத்ததுபோல மணக்கும். எனக்கு இன்றைக்கும் எதற்காவது ஏக்கம் இருக்கிறதென்றால் முதலில் அந்த வாசனைக்குத்தான்.

மனைவி உண்டானபோது என் அம்மா பஞ்சாங்கத்தை எடுத்தார். கர்ப்பிணியின் கணவன் செய்யக் கூடாதவை என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. கடலில் குளிக்கக் கூடாது, பிணம் சுமக்கக் கூடாது, மரம் வெட்டக் கூடாது. "மரம் வெட்டக் கூடாதுன்னு போட்டிருக்குடா" என்றார். நான் மரத்தை அறுக்கிறேனே தவிர வெட்டவில்லை என்று வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை. எனக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஆசாரியிடம் கேட்டேன். "இதை வெட்டுனவன் பர்மாவுல செத்தே நூறு வருசம் ஆயிருக்கும் தம்பி. நீங்க அறுங்க" என்றார். அம்மாவுக்கும் அந்தத் தீர்ப்பு சரியாகப்பட்டது.

வளைகாப்பு முடிந்து மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். நம் ஊர் வழக்கம் ஆண்களுக்குத் தரும் சலுகை இது. குழந்தை பிறந்து சில மாதம் கழித்துத்தான் இருவரும் திரும்பி வருவார்கள். வார இறுதியில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மற்ற நாளெல்லாம் ஆபீஸ் விட்டால் மாடிதான். சாப்பிட்டாயா என்று கேட்க அம்மா மட்டும் படியேறி வருவார். ரேடியோவில் இளையராஜா, கீழே தெருவில் இட்லிக்கடைச் சத்தம், பெஞ்சு முழுக்க மரச்சுருள். அந்த மாதங்களில்தான் டவ்டெயில் மூட்டு எனக்குச் சரியாகக் கைவந்தது. வாள் எங்கே கோட்டை விட்டு விலகும் என்பது கண்ணுக்கு முன் கைக்குத் தெரிய ஆரம்பித்தது. பிறகு எனக்கு அப்படியொரு காலம் வாய்க்கவில்லை.

செய்தது தொட்டில். வேறென்ன செய்வான் ஒருவன்? பிறப்பதற்கு முன் தொட்டில் வீட்டுக்குள் வரக் கூடாது என்றார்கள்; மாடி வீட்டில் சேராது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். கம்பிகளுக்குப் பதில் கடைசல் குச்சிகள், இரண்டு பக்கமும் வளைந்த கால். குழந்தை வாய் வைக்கும் என்று தின்னர் நாறும் பாலிஷை ஒதுக்கிவிட்டு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் பூசினேன். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் பளபளப்பு தருவது அதே அரக்குதான்.

மகள் அதில் தூங்கவில்லை. கிடத்தினால் முகம் சிவக்க அழுதாள். கூரைக் கொக்கியில் பழைய நூல்சேலையைக் கட்டி என் மாமியார் தூளி போட்டதும் அடங்கிப்போனாள். நூறு வருஷத் தேக்கை ஒரு கிழிந்த சுங்குடிச் சேலை தோற்கடித்தது. மாமியார் நல்லவர். "மாப்ளே செஞ்ச தொட்டி அம்சமா இருக்கு. துணிமணியெல்லாம் மடிச்சு வைக்கத் தோதா இருக்கும்" என்றார். இன்றும் அதில் துணிதான் இருக்கிறது.

அப்புறம் பட்டறை நின்றது. ஒரே நாளில் நிற்கவில்லை. ரூட்டர் போட்டால் தெருமுனை வரை கேட்கும், ஆகவே அது முதலில் போனது. அடுத்தது உப்புத்தாள். நுண்ணிய மரத்தூள் சட்டையோடும் தலைமுடியோடும் கீழே இறங்கி வரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக 1995-லேயே அறிவித்துவிட்டது. எனக்காகப் பயப்படாதவன், கைக்குழந்தையை நினைத்துப் பயந்தேன். கடைசியில் போனது நேரம். மத்திய அரசு ஊழியராக இருந்தால் குழந்தை பிறந்ததற்குத் தகப்பனுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் கம்பெனிக்காரனுக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. ராத்திரி விழித்து, பகலில் கணக்கு எழுதி வந்தவன் டேபிள் சா முன்னால் நிற்கக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் விரல் போன கதை மர அறுவை மில் இருக்கும் எல்லா ஊரிலும் உண்டு.

"தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதுமே" என்று சொல்லாத நண்பர் இல்லை. ஒருவரும் உளி பிடித்தவர் இல்லை. அரை மணி நேரத்தில் பெஞ்சை ஒழித்து, கோடு கிழித்து, அலகு தீட்டி முடிப்பதற்குள் கீழேயிருந்து கூப்பிடுவார்கள். துண்டு துண்டாக வேலை நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் மணி பார்க்காமல் நின்று, முதுகு வலித்த பிறகுதான் இருட்டிவிட்டது தெரியும் அந்த நிலைமை அரை மணி நேரத்தில் வராது. பறிபோனது அதுதான். ஆசாரி வீட்டிலும் பிள்ளைகள் பிறந்து மரச்சுருளுக்கு நடுவே வளர்ந்தார்கள். அவர் வேலை நிற்கவில்லை. அது சோறு போடுகிற வேலை, யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். என்னுடையது ஆசைக்குச் செய்தது. இதைச் சொல்லிப் புலம்ப எனக்கு ஒரு பத்திரிகைப் பக்கமாவது கிடைத்தது. அதே வீட்டில் மூடியே கிடக்கும் மனைவியின் தையல் மெஷினைப் பற்றி யாரும் எழுதவில்லை.

இப்போது மகள் ஓடுகிறாள். நடக்கப் பழகியபோது நடைவண்டி ஒன்று செய்தேன், முழுக்கக் கைவாளாலும் உளியாலும், அவள் தூங்கிய மதியங்களில். மூன்று சக்கரம், ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். உட்காரவைத்து உருட்டும் பிளாஸ்டிக் வாக்கரைக் குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். கனடாவில் 2004-ல் தடையே போட்டுவிட்டார்கள். நடைவண்டியில் குழந்தை தன் காலில் நின்று தள்ளுகிறது. அதை மகள் உடைக்கிற வரைக்கும் தள்ளினாள். தொட்டிலைவிட மோசமான வேலைப்பாடு, ஆனால் உபயோகப்பட்டது.

தகப்பனாகப் போகிற பட்டறைக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். 'குழந்தை பிறந்துவிட்டது, மெஷின் விற்பனைக்கு' என்று விளம்பரம் கொடுக்காதீர்கள். பாதி விலைக்குப் போகும், திரும்ப வாங்க இரண்டு பங்கு ஆகும். ஐப்பசி மழைக்கு முன்னால் இரும்புப் பரப்பில் மெல்லிசாக மெஷின் எண்ணெய் தடவுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடிக்கும். பிளேடுகளைக் கழற்றி, எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.