டர்போ டிராக்டரை ஆறவிட்டு அணையுங்கள்

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் படைப்புழுவுக்கு மருந்து கேட்பார்கள், மானியம் எப்போது வரும் என்று கேட்பார்கள். இந்த மூன்று, நான்கு வருஷமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. ‘‘ஏனுங்க சார், வண்டி வாங்கி ரெண்டு வருசம்கூட ஆகலை. டர்போ போயிருச்சுங்கறாங்க. என்னங்க காரணம்?’’

இயந்திரங்களுக்கென்று வேளாண்மைப் பொறியியல் துறை தனியாக இருக்கிறது. ஆனாலும் பயிருக்கு வந்த இடத்தில் வண்டியைப் பற்றியும் கேட்பதுதான் நம் வழக்கம். கல்லூரியில் பண்ணைக் கருவிகள் பற்றி ஒரு பாடம் படித்தேன். அதைவிட அதிகமாகக் கற்றது மெக்கானிக் பட்டறைகளில் நின்றுதான்.

50 ஹெச்.பி-க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்தது. டர்போ அதற்கு முன்பும் இருந்ததுதான். இப்போது இன்னும் பரவலாகிவிட்டது. இது என்ன செய்கிறது? சைலன்சர் வழியாக வீணாகப் போகிற சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் டீசல் நன்றாக எரியும், இழுவை கூடும். விரல் தடிமன்கூட இல்லாத அந்தத் தண்டு, முழு பாரத்தில் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். அந்த ஆயிலை இன்ஜினில் இருக்கும் பம்ப் அனுப்புகிறது. இன்ஜின் நின்றால் ஆயிலும் நின்றுவிடும். இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தியமங்கலம் பக்கம் ஒரு தம்பி, தவணையில் வாங்கிய 55 ஹெச்.பி வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறார். தாளவாடியில் சொட்டுநீர்க் குழாய்க்கு வாய்க்கால் பறிக்க, 3 டன் மினி ஹிட்டாச்சியை டிரெய்லரில் ஏற்றி மாதத்தில் இரண்டு, மூன்று முறை மலைக்குப் போவார். பண்ணாரி தாண்டினால் திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். சாயங்காலத்துக்கு மேல் சரக்கு வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால், ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் ஓர் அவசரம் இருக்கும். ஆக்ஸிலேட்டரை அமுக்கியபடி ஏறுவார், திம்பத்தில் டீக்கடை முன்னால் நிறுத்துவார், இறங்கும்போதே வண்டியை அணைத்துவிடுவார். டீசல் விற்கிற விலையில் சும்மா எதற்கு ஓட வேண்டும் என்ற கணக்கு.

இரண்டாம் வருஷம் நீலப்புகை வந்தது. ஆயில் குறைந்துகொண்டே இருந்தது. ஒருநாள் மேட்டில் கரகரவென்று சத்தம் போட்டு இழுவை விட்டுவிட்டது. மக்காச்சோள விதைப்புக்கு மழை பெய்து, எல்லோரும் உழவுக்கு வண்டி தேடிய நேரம் அது. 11 நாள் வண்டி பட்டறையில் நின்றது. அந்த மாதத் தவணைக்கு வீட்டுக்காரம்மாவின் வளையல் அடகுக்குப் போனது.

பட்டறையில் டர்போவைப் பிரித்தபோது நானும் பார்த்தேன். தண்டைச் சுற்றி ஆயில் கருகி, அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி கறுப்பாக ஒட்டியிருந்தது. மெக்கானிக் கேட்டது ஒரே கேள்விதான். ‘‘மலை ஏறுனதும் எங்கப்பா நிறுத்துவே?’’

பாரத்தோடு மேடு ஏறும்போது புகைப்பக்கம் 500, 600 டிகிரி செல்சியஸ் வரைகூடச் சூடாகும். அந்த நிமிடமே அணைத்தால், உள்ளே தேங்கிய ஆயில் அந்தச் சூட்டில் வெந்து கரியாகிறது. அந்தக் கரி ஆயில் வரும் துளையை அடைக்கிறது, தண்டைத் தேய்க்கிறது. பாரம் இழுத்து வந்ததும் ஆக்ஸிலேட்டரை முழுவதும் விட்டு, மூன்று முதல் ஐந்து நிமிடம் வண்டியைச் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் மெதுவாக உருட்டி வந்திருந்தால் ஒன்றிரண்டு நிமிடம் போதும். டீ சொல்லிவிட்டு வந்து அணைத்தால் கணக்கு சரியாகிவிடும். அதற்கு ஆகும் டீசல் சொற்பம்.

காலையில் கிளப்பும்போதும் இதே பொறுமை வேண்டும். ஆயில் டர்போ வரை போய்ச் சேர ஒரு நிமிடமாவது கொடுங்கள். கிளப்பியதும் ‘விர்ர்’ என்று முறுக்குவது, காய்ந்த தண்டைச் சுற்றவிடுவதுதான்.

மேட்டில் கியர் விஷயத்தில்தான் பலர் வீம்பு பிடிக்கிறார்கள். பெரிய கியரிலேயே ஏற்றிவிட்டேன் என்பதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆக்ஸிலேட்டர் முழுக்க அமுங்கியும் சுற்று குறைந்துகொண்டே வந்து, புகை கறுப்பாகத் தொடர்ந்து வந்தால் வண்டி திணறுகிறது என்று அர்த்தம். டீசல் சரியாக எரியாமல் சூடு ஏறும். மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாரத்தோடு பாதி மேட்டில் கியர் மாற்றுவது ஆபத்தும்கூட. இறங்கும்போது நியூட்ரலில் விடவே கூடாது. இரண்டு பிரேக் பெடல்களையும் கொக்கி போட்டு இணைத்திருக்க வேண்டும். ஹிட்டாச்சியைச் சங்கிலியால் நாலு பக்கமும் கட்டியிருக்க வேண்டும். கூடவே ரோட்டவேட்டரையும் டீசல் பேரலையும் ஏற்றாமல் அதற்கு இன்னொரு நடை போங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இழுவை போதவில்லை என்றால் டீசல் பம்ப்பைத் திருகி வைத்துத் தருகிற பட்டறைகள் இருக்கின்றன. அன்றைக்கு வண்டி பாயும். கூடுதல் டீசல் கூடுதல் சூடு. டர்போவும் அளவுக்கு மீறிச் சுற்றும். ‘‘பக்கத்து வண்டி ஓடுதுங்களே’’ என்பார்கள். எத்தனை நாளைக்கு என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

ஏர் ஃபில்டரில் அலட்சியம் கூடாது. அவ்வளவு வேகத்தில் சுற்றும் சக்கரத்துக்கு ஒரு மணல் பருக்கையும் உளிதான். ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா, கிளாம்ப் இறுக்கமாக இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை, இன்ஜின் ஆறியிருக்கும்போது கையால் தடவிப் பாருங்கள். ரேடியேட்டர் வலையில் வைக்கோல் தூசியும் பார்த்தீனிய விதையும் அடைத்திருந்தால் ஊதி எடுங்கள். ஆயில், வண்டிப் புத்தகத்தில் சொன்ன தரத்தில் இருக்கட்டும். கேனில் அளந்து ஊற்றும் சில்லறை ஆயில் டர்போ வண்டிக்கு வேண்டாம். மாற்ற வேண்டிய மணிக்கணக்கும் புத்தகத்திலேயே இருக்கும். மலைக்குப் பாரம் இழுக்கும் வண்டிக்கு அதற்கு முன்பே மாற்றுவது நல்லது.

ஆயில், ஃபில்டர் மாற்றும்போது பில்லில் தேதியையும் மணிக்காட்டியின் எண்ணையும் எழுதச் சொல்லி வாங்கி வையுங்கள். வாரன்டிக்குள் டர்போ கெட்டுப் போய் ஷோரூமுக்குப் போனால், முதலில் கேட்பது அந்தப் பில்களைத்தான்.