மெரினாவில் ஓடினால் சளி ஓடுமா?

மெரினான்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சுண்டல், மிளகாய் பஜ்ஜி, கூடவே கொஞ்சம் கடலை... சரிதானே! ஆனா, விடிகாலை ஐந்தரை மணி மெரினாவைப் பார்த்திருக்கீங்களா? அது வேற ஊர்! மணலில் மூச்சு வாங்க ஓடும் பையன்கள், விசில் ஊதும் கோச், கை வீசி நடக்கும் தாத்தாக்கள்னு ஏரியாவே பரபரப்பா இருக்கும். வாங்க, உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரைக்கும் ஒரு ரவுண்ட் போய்ட்டு வரலாம். மொத்தமே சுமார் மூணு கிலோமீட்டர்தான்.

ஸ்டார்ட்டிங் பாயின்ட், தேவி பிரசாத் ராய் சௌத்ரி செதுக்கிய உழைப்பாளர் சிலை. 1959-லிருந்து நாலு பேர் அந்தப் பாறையை நெம்பிக்கிட்டே இருக்காங்க. அவங்களை மாதிரி நீங்க தம் கட்டும்போது உடம்புக்குள்ள என்ன நடக்குது தெரியுமா? ரத்த ஓட்டம் வேகமாகும். ஓரமா ஒதுங்கிக் கிடந்த வெள்ளை அணுக்கள் ரத்தத்துக்குள்ள இறங்கி ரோந்து போக ஆரம்பிக்கும். முக்கியமா, வைரஸ் புகுந்த செல்லைத் தேடிப் போய் அழிக்கும் 'நேச்சுரல் கில்லர்' செல்கள். பேரே மிரட்டுதுல்ல!

தினமும் இந்த ரோந்து நடந்தா பலன் உண்டா? உண்டு. அமெரிக்க ஆராய்ச்சியாளர் டேவிட் நீமன், பெண்கள் சிலரை வாரம் ஐந்து நாள், 45 நிமிஷம் வேக நடை நடக்க வெச்சார். பதினைந்து வாரம் கழிச்சுப் பார்த்தா, சும்மா இருந்தவங்களோடு ஒப்பிடும்போது இவங்க சளி, இருமலோடு கழிச்ச நாட்கள் ஏறக்குறைய பாதிதான்!

அப்படியே பிரசிடென்சி கல்லூரியைத் தாண்டி வாங்க. வட்டமா நிக்குதே, அதுதான் ஐஸ் ஹவுஸ். இன்னிக்கு விவேகானந்தர் இல்லம். ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளை இங்கேதான் அடுக்கி வெச்சாங்க. 'ஐஸ் தண்ணி குடிச்சா சளி பிடிக்கும்'னு வீட்டில் சொல்வாங்க. ஆனா, சளியைக் கொண்டு வர்றது வைரஸ். அது கை வழியா, தும்மல் வழியா, டீம் மொத்தமும் வாய் வெச்சுக் குடிக்கிற ஒரே வாட்டர் பாட்டில் வழியா வரும். நட்பு வேணும் பாஸ், பாட்டில் மட்டும் தனித்தனியா இருக்கட்டும்!

அடுத்து காந்தி சிலை. இந்தப் பக்கம் அருகம்புல் ஜூஸ், நெல்லிக்காய் ஜூஸ் விற்கிறவங்க காலையிலேயே ஆஜர். ருசியா இருந்தா தாராளமா குடிங்க. ஆனா, ஒரு டம்ளரில் கவசம் கிடைச்சிடும்னு நம்பிடாதீங்க. அதைவிடப் பெரிய மருந்து ஃப்ரீயா கிடைக்குது. தூக்கம்! 2015-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 164 பேரின் தூக்கத்தை அளந்துட்டு, மூக்கில் சளி வைரஸை விட்டாங்க. ஆறு மணி நேரத்துக்கும் குறைவா தூங்கினவங்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல தூங்கினவங்களைவிட நாலு மடங்குக்கும் அதிகம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் செல்போன், காலையில் அஞ்சு மணிக்கு கிரவுண்டுன்னு இருந்தா, ஓடியும் பிரயோஜனம் இல்லை மச்சி!

சரி, பயிற்சி ஓவரா போனா? 1987 லாஸ் ஏஞ்சலீஸ் மாரத்தானுக்குப் பேர் கொடுத்தவங்களை நீமன் விசாரிச்சார். ஓடி முடிச்சவங்களில் 12.9 சதவீதம் பேர் அடுத்த வாரமே சளி, இருமல்னு படுத்திருந்தாங்க. நல்லா பயிற்சி எடுத்தும், நோய் இல்லாத வேற காரணத்தால் ஓடாதவங்களில் அது 2.2 சதவீதம்தான். கடும் ஓட்டம் எதிர்ப்பு சக்தியையே கவுத்துடும்னு ரொம்ப நாள் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 2018-ல் பிரிட்டனின் பாத் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதை மறுத்தாங்க. ஓட்டத்துக்கு அப்புறம் ரத்தத்தில் செல்கள் குறையறது, அவை அழிஞ்சதால இல்லை, நுரையீரல், குடல்னு மத்த இடங்களுக்குக் காவலுக்குப் போறதால இருக்கலாம். கூட்டம், பயணம், டென்ஷன், தூக்கக்கேடு இதெல்லாம்தான் சளிக்குக் காரணமா இருக்கும்னாங்க. விவாதம் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. நமக்கு லாபம் என்னன்னா, மீட்டுக்குப் போகும்போது கை கழுவறதும் நல்லா தூங்கறதும் பயிற்சியில் ஒரு பகுதி.

இதோ, 1977-ல் திறந்த கலங்கரை விளக்கம். எச்சரிக்கை சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? ஸோனல் மீட் நெருங்கும்போது ஹாஸ்டலில் ஒருத்தனுக்குக் காய்ச்சல் வரும். மாத்திரையைப் போட்டுக்கிட்டு, 'டீமுக்காக ஓடறேன்டா'ன்னு கிளம்புவான். தடுத்து நிறுத்துங்க, ப்ளீஸ்! மூக்கு ஒழுகல், லேசான தொண்டைக் கரகரப்புன்னா மெதுவா ஓடலாம். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளின்னு கழுத்துக்குக் கீழே இறங்கினா, ஷூவைக் கழட்டி வெச்சிட வேண்டியதுதான். வைரஸ் சில சமயம் இதயத் தசையையே வீங்க வெச்சிடும். அந்த நேரத்தில் முழு வேகத்தில் ஓடினா, இருபது வயசுப் பையனுக்கும் உயிருக்கே ஆபத்து. மாத்திரை காய்ச்சலை மறைக்குமே தவிர, வீக்கத்தை மறைய வைக்காது. குணமான பிறகும் நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சு வாங்கல் இருந்தா, டாக்டர் ஓகே சொல்ற வரைக்கும் கிரவுண்ட் பக்கமே போகக் கூடாது. மெடல் அடுத்த வருஷமும் கிடைக்கும்.

ஆக, நாளைக்குக் காலையில் ஐந்தரைக்கு உழைப்பாளர் சிலைக்கு வந்துடுங்க. தண்ணி பாட்டில் அவங்கவங்களோடது. ராத்திரி பத்து மணிக்கே படுத்துடணும். காய்ச்சல் இருந்தா மட்டும்... ஸாரி, நீங்க வராதீங்க!