வேலணையும் அம்மப்பாவின் கூழும்

யாழ்ப்பாண நகரில் இருந்து பண்ணைப் பாலத்தால் தீவகத்துக்குப் போகும் வீதியின் இருமருங்கிலும் ஆழம் குறைந்த கடல். அதைக் கடந்தால் என் தாயின் ஊரான வேலணை. பனை நிறைந்த இந்த மண்ணின் உணவு ஒடியற்கூழ். அதை நினைத்தால் அம்மப்பாவின் அதட்டலும் கூடவே கேட்கும்.

பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்து வெயிலில் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை ஊற்றினால்தான் கசப்புப் போகும். மீன்தலை, நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் அவிந்த பின் அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் மாவும் கரைத்து விடுவார். கடைசியாக முருங்கையிலை. "என்னடி முழுசிக்கொண்டு நிக்கிறாய்? பிளாவை நீட்டு!" என்று உறுமுவார். பனையோலைப் பிளா நிறைந்து வழியும். தெருவால் போகிறவரையும் அதே அதட்டலோடுதான் கூப்பிட்டுக் குடிக்க வைப்பார்.

1990இல் தீவகத்தை விட்டு வந்த எங்கள் குடும்பம், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்களோடு தென்மராட்சிக்கும் இடம்பெயர்ந்தது. அப்போது எனக்கு ஏழு வயது. நாங்கள் தங்கிய பாடசாலை முற்றத்தில் மூன்று கல் வைத்து அம்மப்பா அடுப்பு மூட்டினார். மீன் இல்லாத நாளில் மரவள்ளியும் முருங்கையிலையும் மட்டுமே. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் சிறுவருக்கும் முதலில். முண்டியடித்த ஆண்களுக்கு அகப்பையை ஓங்கினார். கடைசிப் பிளாதான் அவருக்கு. சில நாள் அதுவும் இல்லை. ஆம்பிளைக்கு ஏன் இந்த வேலை என்று கேட்ட உறவினரிடம், "பசி ஆம்பிளை பொம்பிளை பாத்தே வருது?" என்றார்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மப்பாவின் கூழை ஊரே புகழ்ந்தது. நாள்தோறும் மூன்று வேளை சமைத்த அம்மம்மாவை எவரும் புகழவில்லை. ஆண் எப்போதாவது சமைத்தால் அது திறமை. பெண் தினமும் சமைத்தால் அது கடமை. குடும்பங்களைச் சந்திக்கும் என் வேலையில் இந்தக் கணக்கை இன்றும் வீட்டுக்கு வீடு காண்கிறேன்.

ஊர் திரும்பிய பின், 2001இல் அம்மம்மா பாரிசவாதத்தில் விழுந்தார். அதன் பிறகு நான்கு வருடம் கஞ்சியும் புட்டும் சொதியும் அம்மப்பாவே செய்தார். கூழைப் போல அதைப் பார்க்க யாரும் கூடவில்லை. "வாயைத் திற, ஆறிப் போகுது" என்று ஏசிக்கொண்டே ஊட்டுவார். அவரின் உண்மையான சமையல் அதுதான் என்பேன்.

சகோதரிகளே, அடுத்த முறை கூழ் காய்ச்சும்போது முருங்கையிலை உருவ மகனையும் கூப்பிடுங்கள். அதோடு விடாமல், மறுநாள் சோற்றுப் பானையையும் அவனிடம் கொடுங்கள்.