அட்டாளைச்சேனையும் அக்கரைச் சீமையும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. அவற்றைக் கடந்ததும் வருவது அட்டாளைச்சேனை. கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். சேனைப் பயிரை விலங்குகளிடமிருந்து காப்பதற்குக் கட்டும் உயர்ந்த காவற்பரணுக்கு அட்டாளை என்று பெயர். அச்சொல்லைத் தன் பெயரிலே தாங்கிய இவ்வூர், ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரியாற் புகழ் பெற்றது.

ஆயினும் வயலும் கடலும் பள்ளிக்கூடமும் மட்டும் இக்கரையோரத்துக்குச் சோறு போடவில்லை. 1973இல் எண்ணெய் விலை உயர்ந்த பின்னர் அரபு நாடுகள் இலங்கையரை வேலைக்கழைத்தன. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. இன்று தெருவுக்குத் தெரு அக்கரைச் சீமை கண்டவர்கள் உளர்.

தேத்தண்ணிக் கடையொன்றில் அத்தகைய ஓர் இளைஞரைச் சந்தித்தோம். குவைத்தில் மாதக் கணக்கிற் சம்பளம் கிடையாமையால், கபீலின் வீட்டை விட்டு நீங்கி வேறிடத்தில் வேலை செய்தவர் அவர். அவ்வாறு வாழ்வோரை 'கல்லிவல்லி' என்று சொல்வது அங்குள்ள வழக்கு. 2018இல் குவைத் அரசு பொதுமன்னிப்பு வழங்கியபோது ஊர் திரும்பினார். தங்கையின் கலியாணம் நெருங்க, இப்போது மீண்டும் செல்ல விரும்புகிறார்.

"காக்கா, பழைய பாஸ்போட் துலைஞ்சி போச்சி எண்டு சொல்லிப் பேரை மாத்திப் புதிசு எடுத்தா என்ன?" என்று அருகிருந்த பெரியவரைக் கேட்டார்.

"தம்பி, பாஸ்போட்டை மாத்தலாம், கண்ண மாத்த ஏலுமா?" என்றார் பெரியவர்.

அவர் சொன்னது வேடிக்கையன்று. ஐக்கிய அரபு அமீரகம் 2000களின் தொடக்கத்திலேயே எல்லையில் கருவிழிப் பரிசோதனையை ஏற்படுத்திவிட்டது. ஏனைய வளைகுடா நாடுகளும் விரற்பதிவைப் பேணுகின்றன. பெயர் மாறினாலும் பதிவு மாறாது. முன்பு செய்தது குடிவரவுத் தவறு. பொய்யான பெயரிற் செல்வதோ குற்றம்.

உண்மையில் அவ்விளைஞருக்கு அஞ்சுவதற்குப் பெரிய காரணமில்லை. நாடுகடத்தப்படுவது வேறு, பொதுமன்னிப்பின் கீழ் வெளியேறுவது வேறு. நாடுகடத்தப்பட்டவருக்கு மீண்டும் நுழையத் தடை உண்டு. 2018இல் குறித்த தவணைக்குள் குவைத்தை விட்டுச் சென்றவர்களோ, தண்டமின்றிச் சென்று, முறைப்படி புதிய விசாவுடன் திரும்பி வரலாம் என்றே அறிவிக்கப்பட்டது. 2024 செப்டெம்பர் முதல் டிசம்பர் வரை அமீரகம் வழங்கிய மன்னிப்பிலும் வெளியேறியோர்க்கு நுழைவுத் தடை விதிக்கப்படவில்லை. ஆனால் வேறு வழக்கோ கடனோ இருப்பின் அது தனியே தொடரும்.

ஆகவே மீண்டும் விண்ணப்பிப்போர் முதலில் தாம் எவ்வாறு வெளியேறினோம் என்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். பழைய பாஸ்போட்டையும், வெளியேறுகையிற் கிடைத்த தாள்களையும் எறிந்துவிடலாகாது. "முன்பு வெளியேற்றப்பட்டீரா?" என்று படிவம் வினவினால் உண்மையையே எழுதுக. முகவர் நிலையம் அனுமதி பெற்றதா என்பதைப் பணியகத்தில் விசாரிக்காமற் பணம் கொடுத்தலும், சுற்றுலா விசாவில் வேலைக்குப் போதலும் பழைய குழியில் மீண்டும் விழுவதற்கே வழியாகும்.

இளைஞர் தம் பழைய தாள்களைத் தேடி எடுத்துவரப் புறப்பட்டார். அவை அவருடைய உம்மாவின் பெட்டிக்குள், காணி உறுதியோடு பத்திரமாக இருக்கின்றனவாம். வயலுக்கு உறுதி எவ்வாறோ, அக்கரை செல்பவனுக்கு அத்தாள்களும் அவ்வாறே என்பதை அந்தத் தாய் நமக்கு முன்பே அறிந்திருக்கிறார்.