எலவனாசூர்கோட்டையில் ஆப்பிள்!

உளுந்தூர்பேட்டையில் சேலம் பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் எலவனாசூர்கோட்டை வந்துவிடும். பேரில்தான் கோட்டை. இறங்கியதும் கண்ணில் படுவது டீக்கடை, உரக்கடை, ஊரைச் சுற்றிக் கரும்பு, நெல். சோழர் காலத்துக் கல்வெட்டுகளோடு பழைய சிவன் கோயில் ஒன்று உண்டு. கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு நாள் போதாது. மற்றவர்களை வெயில் சீக்கிரமே பஸ் ஏற்றிவிடும். சித்திரையில் தார் ரோடு செருப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கும்.

இந்த ஊரில்தான் என் மாமா ஆப்பிள் வளர்க்கிறார்.

"சீத்தாப்பழமா?" என்று ஆபீஸில் கேட்டார்கள். இல்லை ஸார், நிஜ ஆப்பிள்!

மாமா ரிட்டயர்டு ஹெட் கிளார்க். ஒரு கல்யாணத் தாம்பூலப் பையில் வந்த ஆப்பிளைத் தின்றுவிட்டு, "தாத்தா, இதைப் போட்டா மரம் வருமா?" என்று பேத்தி கேட்டாள். கேள்வி வந்தால் ஃபைல் திறப்பது மாமாவின் சர்வீஸ் பழக்கம். திறந்துவிட்டார்.

ஆப்பிள் விதையை நேரே மண்ணில் போட்டால் பெரும்பாலும் முளைக்காது. அது குளிர் நாட்டுச் சரக்கு. பனிக்காலத்துக்கு முன்பே முளைத்தால் செத்துப் போவோம் என்று அதற்குத் தெரியும். போதுமான குளிரைப் பார்த்த பிறகுதான் கண் திறக்கும். ஆகவே பத்து விதையையும் ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் இரண்டரை மாதம் வைத்தார்.

"மாவு புளிக்காம இருக்க ஃப்ரிட்ஜ் வாங்கினா, உங்க மாமா வெதைக்கு ஊட்டி காட்டறாரு!" என்றாள் அத்தை.

ஆறு முளைத்தன. வெயிலில் மூன்று போயின, ஒன்றை ஆடு மேய்ந்தது. மிச்சம் இரண்டு, பெயிண்ட் டப்பாவில். மூன்றாவது வருஷம். ஒன்று என் இடுப்பு உயரம்.

சண்டை அதில்தான். வீட்டில் செடி வைக்கத் தோதான இடம் கிணற்றடி மட்டும். அத்தை அங்கே கொய்யா வைக்க ஆசைப்படுகிறாள். மாமா ஆப்பிளை இறக்க நினைக்கிறார். "நீ படிச்சவன், நீயே சொல்லுப்பா" என்று என்னை நாட்டாமை ஆக்கிவிட்டார்கள்.

இரண்டு சிக்கல். முதலாவது ஜாடை. ஆப்பிள் பூவில் பெரும்பாலும் வேறு ரகத்தின் மகரந்தம் விழுந்தால்தான் காய் பிடிக்கும். விதையில் இருப்பது இரண்டு வம்சத்தின் கலப்பு. பிள்ளைக்குப் பெரியப்பா மூக்கு வரும், கொள்ளுப்பாட்டி கோபம் வரும். தின்ற பழம் மட்டும் அப்படியே வராது. அதனால்தான் தோட்டக்காரர்கள் ஒட்டுக்கட்டுகிறார்கள். அதோடு, விதைமரம் காய்க்க ஆறிலிருந்து பத்து வருஷம் ஆகும்.

இரண்டாவது குளிர். பேர்பெற்ற சிவப்பு ரகங்களுக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 1,000 மணி நேரம் 7 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். வகுத்துப் பார்த்தேன்: கிட்டத்தட்ட 42 நாள், ராப்பகலாக. ஏறக்குறைய ஒரு மண்டலம்! மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்க யோசிக்கிற ஊர் இது. நம் மாநிலத்தில் ஆப்பிளுக்குப் பழக்கப்பட்ட இடம் கொடைக்கானலும் நீலகிரியும்தான்.

மாமா அசரவில்லை. பழைய பேப்பர் கட்டிங் ஒன்றை எடுத்து நீட்டினார்.

இமாசலப் பிரதேசத்தில் பிலாஸ்பூர் மாவட்டம், பனியாலா கிராமம். 1,800 அடி உயரம்தான், கோடையில் கொளுத்தும். அங்கே ஹரிமன் சர்மா என்ற விவசாயி 1998-ல் ஆப்பிள் தின்று விதையைக் கொல்லையில் எறிந்தார். மறு வருஷம் ஒரு கன்று நின்றது. 2001-ல் காய்த்தே விட்டது! அதிலிருந்து ஒட்டுக்கட்டிப் பரவியதுதான் ஹெச்.ஆர்.எம்.என்-99 ரகம். சமவெளி மாநிலங்களிலும் அதை நடுகிறார்கள். 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. இதே போல் சிட்னி பக்கம் ஒரு பாட்டி வீட்டில் தானாக முளைத்ததுதான் கடைகளில் விற்கிற பச்சை ஆப்பிள், கிரானி ஸ்மித்.

"லாட்டரிதான் மாமா. எத்தனை லட்சம் விதைக்கு ஒண்ணோ!"

"சீட்டு வாங்கினவனுக்குத்தானே விழும்?"

"அந்த ஒட்டுச்செடியையே வாங்கி வைங்களேன்? சீக்கிரம் காய்க்கும்."

"அது சர்மா மரம். இது நம்ம பாப்பா துப்பினது." விரல் விட்டு எண்ணினார். "பத்து வருஷம்னா எனக்கு எழுபத்தெட்டு."

யாரும் பேசவில்லை. அத்தைதான் எழுந்தாள். "கிணத்தடி எனக்கு. சாயங்கால வெயில் விழாத கிழக்குச் செவுத்து ஓரத்துல ரெண்டு ஸ்லாப்பைப் பேத்துடச் சொல்றேன், அங்க வச்சுக்கட்டும்."

தீர்ப்புச் சொல்லும் வேலை எனக்கு மிச்சமில்லாததால் ஜாவா தீவுக் கதையைச் சொன்னேன். அங்கே பத்து என்ற மலை ஊரில், நம் கல்வராயன் மாதிரி உயரத்தில், பனியே இல்லாமல் ஆப்பிள் விளைகிறது. அறுவடை முடிந்ததும் மரத்து இலை முழுவதையும் கையால் உருவிவிடுகிறார்கள். குளிர்காலம் வந்து போய்விட்டதாக மரம் ஏமாந்து பூக்கும். வருஷத்துக்கு இரண்டு மகசூல்கூட எடுக்கிறார்கள்.

"எலவனாசூர் கல்வராயன் உயரம் இல்லை மாமா" என்று நான் முடிக்கவில்லை. அவர் தினசரிக் காலண்டரைப் புரட்டி, மரம் கொஞ்சம் தேறியதும் வருகிற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"இலை உருவ ஆள் வேணும். லீவு சொல்லிடு."